வௌவால் சுவிட்ச்

பொம்மை ரயிலை ஓட்டும் பலகையில் ஐந்து சுவிட்சுகள் இருந்தன. நான்கு நேராக நின்றன. மூன்றாவது மட்டும் தலைகீழாக. மற்றவை அதை "வௌவால்" என்று கேலி செய்தன.

பக்கத்திலிருந்த பச்சை விளக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு ரோஷமே கிடையாதா? நேரா நின்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

சுவிட்ச் தலைகீழாகவே நின்றது.

ஒரு நாள், பலகையைச் செய்த குழலியே வந்து அதை நேராகத் திருப்பி வைத்தாள். விளக்குக்கு ஒரே குஷி. ஆனால் ரயில் தடம் மாறி, நின்றிருந்த இன்னொரு ரயில் மேல் மோதப் பாய்ந்தது. குழலி பாய்ந்து பிடித்தாள். பலகையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். சுவிட்சைப் பழையபடி தலைகீழாக்கிவிட்டுப் போனாள்.

"பின்னாடி என்ன?" என்றது விளக்கு.

"ரெண்டு வயரை இடம் மாத்திப் பத்தவச்சிருக்காங்க, கண்ணு. அதைச் சரிபண்ண இன்னொரு தரம் சூடு பட்டா பாவம், தாங்காதுங்க. அதான் நான் திரும்பிக்கிட்டேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா எவனாவது சிரிச்சிருப்பானா?"

"மெதுவா பேசு. வயருங்க காதுல விழப்போகுது."

அதன் பிறகு யார் "வௌவால்" என்றாலும் பச்சை விளக்கு சண்டைக்குப் போனது. காரணத்தை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.