குறை உள்பக்கம்

டாக்டரம்மா விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறார். பக்கவாட்டு வெளிச்சத்தில், துணிக்கடைக்காரர் மகளின் இடது கன்னத்தில் பருக்கள் விட்டுப்போன ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு நிழல் தேங்கி நிற்கிறது. "லேசர் பண்ணலாம். நுண்ணூசி போட்டும் பார்க்கலாம். பாதிப் பள்ளம் மேல வரும்." பாதி என்று காதில் விழுந்துவிட்டால் துணிக்கடைக்காரரின் வாய் சும்மா இருக்காது. "முக்காலா முடிச்சுக் குடுங்களேன்மா." "தோலு பேரத்துக்கு வராதுங்க." "அப்பா, இது நம்ம கடை இல்ல," என்று அடக்கிவிட்டு, மகள் மெதுவாகக் கேட்கிறாள்: "முழுசா போகவே போகாதா டாக்டர்?" "மங்கும்மா. மறையாது." விளக்கு அணைகிறது. மகள் ரப்பர் பேண்டை உருவுகிறாள். கூந்தலை இடப்பக்கம் தள்ளி, விரல்நுனியால் நீவி நீவிக் கன்னத்தை மூடுகிறாள். அந்த நீவல் அப்பாவுக்குப் பழக்கமானது. விடுமுறை நாட்களில் கடைக்கு வரும் அவளிடம் கறைபட்ட துணியைக் கொடுத்து, "குறை உள்பக்கம் போற மாதிரி மடி அம்மாடி, வாங்குறவங்க கண்ணுல படக் கூடாது," என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "முடியைப் பின்னால எடுத்து விடும்மா," என்கிறார். காதில் விழாதவள்போல அவள் இன்னொரு முறை நீவுகிறாள். மடிப்பு கச்சிதமாக விழுகிறது.