நிறம் பிடிக்காத சதை

“வெட்டுப்பட்ட விரலக்கூட மையவாடியில அடக்குறவங்க நாங்க. நீங்க மனிசர்ட சதைய அலுமாரியில அடுக்கி வச்சிருக்கீங்க!” உசனார் சீறினார்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் மகள் ஷிஹாரா அன்றுதான் லீவில் கற்பிட்டிக்கு வந்திருந்தாள்.

“கென்சர் சதையில மருந்து போய்ப் பிடிக்கிற இடம் இருக்கு வாப்பா. வாங்கி எண்டு சொல்ற. அது இருக்கா எண்டு பாக்கத்தான் பிறபொருளெதிரிய, அன்டிபொடி எண்டு சொல்றத, விடுறம். வாங்கி இருந்தா அதுல போய் ஒட்டும், சதை நிறம் பிடிக்கும்.”

“ஒட்டாட்டி?”

“போன கிழமை ஒரு பொம்பளட சதையப் பாத்தன். மூணு வகை விட்டும் நிறம் பிடிக்கல்ல. அவக்குக் குடுக்க மருந்து குறைவு.”

“கலியாணம் முடிச்சவவா?”

“இல்ல.”

“அவட வாப்பாக்குத் தெரியுமா?”

“இன்னம் சொல்லல்ல.”

உசனாருக்குக் கோபம் ஏறியது. “மறைக்கிறதுதான் ஒங்கட படிப்பா? புள்ளட சதைய அடக்குறது பெத்தவன்ட கடமை. மிஞ்சினதக் கொண்டுபோய் அந்த மனிசன்ட கையில குடுங்க!”

ஷிஹாரா கைப்பையைத் திறந்தாள். மெழுகில் பதித்த நகமளவு சதைத்துண்டை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

“குடுத்துட்டன், வாப்பா.”