ரயில் பாலத்தில் ஏழு பேர்

"கண்ணாடியில கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

காவலாளி கத்தியதும் அந்தப் பெண்மணி விரலை எடுத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே ரயில் பாலத்துப் படம், அதே விரல். ஒன்று, இரண்டு, மூன்று என்று முனகிக்கொண்டே எண்ணினாள். அறுபது வயதுக்காரி சின்னப் பிள்ளை மாதிரி எண்ணுவதைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பழைய சரக்குக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, ஆற்றங்கரை ஆலைகளின் அந்தக் காலத்துப் படங்களை மாட்டியிருந்தார்கள். புகைபோக்கிகள், நிலக்கரிப் படகுகள், ரயில் என்ஜின்கள். எல்லாம் ஒரே ஸ்டுடியோக்காரர் கொடுத்தவை. எழுபத்தைந்தைத் தாண்டிய அந்த மனிதர், சட்டையில் 'சிறப்பு விருந்தினர்' அட்டையைக் குத்திக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார்.

"விடுப்பா, பார்க்கத்தானே மாட்டியிருக்கு" என்று காவலாளியை அடக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதுல பாருங்கம்மா, நல்லாத் தெரியும். இதை வச்சுக்கிட்டுத்தான் முப்பது வருஷம் நெகடிவ் முன்னாடி குனிஞ்சு உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை மூஞ்சியில பருவா, முதலாளி கன்னத்துல மருவா, பிரஷ்ஷால ஒரு தீத்து தீத்தினா அது மறைஞ்சு ஆளு ராஜா மாதிரி ஆயிடுவான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இதுல யாரைம்மா தேடுறீங்க?"

"எங்கப்பாவை."

"அடடே! பாலத்து வேலையிலயா இருந்தார்?"

"ஆமாங்க ஐயா. எனக்கு அப்ப பத்து வயசு. மூணாம் தேதியே வேலையை விட்டு ஓடிட்டார்னு கம்பெனியில எழுதிக் கொடுத்துட்டாங்க. ஒத்தையிலயா ஓடியிருப்பான்னு, கூட ஒருத்தியையும் ஊரே சேர்த்து விட்டுடுச்சு. எங்கம்மா சாகுற வரைக்கும் அவளுக்குப் பேரே ஓடிப்போனவன் பொண்டாட்டிதான்."

அந்தப் பேரோடுதான் அந்த அம்மாள் நாலு வீட்டுத் துணியைத் துவைத்து மகளை வளர்த்தாள். மகளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவனும் அந்தப் பேரைக் கேட்டபிறகு திரும்பிப் பார்க்கவில்லை. செய்யாத தப்புக்குத் தண்டனை என்றால், அது பெற்ற மகளையும் விட்டுவைக்குமா என்ன?

"போன மாசம் அப்பாகூட வேலை பார்த்தவர் ஒருத்தர் சாகக் கிடந்தார். என்னை வரச்சொல்லி விட்டார். 'உங்கப்பன் ஓடலம்மா. ஒன்பதாம் தேதி எங்க எட்டு பேரையும் பாலத்து ஓரத்துல நிக்க வச்சுப் படம் எடுத்தாங்க. கடைசி ஆள் அவன்தான். சுருட்டை முடி தெரியணும்னு அவன் மட்டும் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தான். படம் எடுத்துட்டுப் போனாங்க, கொஞ்ச நேரத்துல கால் தவறி ஆத்துல விழுந்துட்டான். உடம்புகூடக் கிடைக்கல. வாயைத் திறந்தா வேலை போயிடும்னாங்க, நாங்க திறக்கல'ன்னு அழுதார்."

ஸ்டுடியோக்காரர் அட்டையைச் சரிசெய்துகொண்டார்.

படத்தின் அடியில் வெள்ளை மையில் ஒன்பதாம் தேதி என்று எழுதியிருந்தது. பாலத்தின் ஓரத்தில் ஏழு பேர் தொப்பியோடு விறைப்பாக நின்றார்கள். ஏழாவது ஆளுக்குப் பக்கத்தில் வெறும் வானம். கீழே ஆறு அலையில்லாமல் கிடந்தது.

"எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான் வருது ஐயா."

"ஏழு பேர்தாம்மா. சாகுற நேரத்துல மனுஷனுக்கு நினைவு குழம்பும். படம் குழம்பாது."

அவள் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு முகமாக இன்னொரு முறை பார்த்தாள். ஏழும் அந்நிய முகங்கள்.

"அப்ப நிஜமாவே ஓடித்தான் போயிருக்கார். இது தெரியாம எங்கம்மா, அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு ஊரோட மல்லுக்கு நின்னே செத்தா."

"விடுங்கம்மா. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? வீட்டுக்குப் போங்க."

"உங்க விரல் ரேகையைத் தொடைச்சுட்டுப் போங்கம்மா. நான்தான் பதில் சொல்லணும்" என்றான் காவலாளி.

அவள் கைக்குட்டையை எடுத்தாள். திட்டு வாங்கியே பழகிய உடம்பு. முகங்களின் மேல் துடைத்தாள், பாலத்தின் மேல் துடைத்தாள், ஆற்றுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த முறை சத்தமாகவே எண்ணினாள்.

"ஐயா, இங்க தண்ணியைப் பாருங்க!"

ஆற்றில் பாலத்தின் பிம்பம் தலைகீழாக விழுந்திருந்தது. அதில் ஏழு பேர் தலைகீழாகத் தொப்பியோடு நின்றார்கள். கடைசியில் இன்னொருவன். தலையில் தொப்பி இல்லை, கையில் இருந்தது.

"எட்டு! எங்கப்பா ஐயா! எங்கப்பா ஓடல!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தண்ணியில நிக்கிறார், மேல காணோம். இது எப்படி ஐயா?"

கிழவர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஐம்பது வருடமாகத் தன் கையிலேயே இருந்த படத்தை இன்றுதான் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தண்ணியில அழிக்க மறந்துட்டேம்மா."