பேசாத ஆடு

கமுதி சந்தை நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சேதுக்கரையில் ஒரு சுறா என்னிடம் வழி கேட்டது என்று போன மாசம் சொன்னேனே, அது வேற. அதை விடுங்க. இது என் கண்ணால் பார்த்தது. பொய் என்றால் இந்த ரெண்டு கண்ணும் இன்றைக்கே அவிஞ்சு போகட்டும்.

இருளாண்டிக்கு மிளகாய் விவசாயம். ஒரே மகள் மாரிச்செல்வி, வயசு இருபது. அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை பாண்டீஸ்வரனுக்கு முப்பத்தொன்பது. அவனுடைய மூத்த தாரம் போன வருஷம் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். கால் வழுக்கிவிட்டது என்று அவன் வீட்டில் சொன்னார்கள். தண்ணீரே இல்லாத கிணற்றில் கால் எப்படி வழுக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கல்யாணப் பட்டு எடுக்க ரெண்டு குடும்பமும் ஒரே வேனில் ராமநாதபுரம் போனோம். நானும்தான். சேலை எடுத்த கையோடு, 'குடும்பத்தோடு வந்து சிரிங்க' என்று போஸ்டர் ஒட்டியிருந்த ஒரு படத்துக்குப் போனோம்.

ஆடு பேசியது, கழுதை பேசியது, சேவல் பேசியது. சிரிப்புதான் வரவில்லை. வசனம் முடிந்த பிறகும் ஆட்டுக்கு வாய் அசைந்துகொண்டே இருந்தது. கழுதை சொன்ன ஜோக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து மூணு வருஷமாச்சு. முன்வரிசையில் ஒருத்தர் குறட்டை விட்டார். அன்றைக்குக் கைதட்டல் வாங்கியது அவர் மட்டும்தான்.

கதை இவ்வளவுதான். விருந்துக்கு வெட்டப்போகிற ஆடு, 'எனக்கு இஷ்டமில்லை' என்கிறது. வீட்டுக்காரன் உட்கார்ந்து அதோடு பஞ்சாயத்துப் பேசுகிறான்.

"ஏலே, ஆட்டுகிட்டப் போயி எவன்லே இஷ்டம் கேப்பான்?" பாண்டீஸ்வரன் திரையைப் பார்த்துக் கத்தினான்.

"கிறுக்குப்பய எடுத்த படம் மாப்ளே. நம்மளையும் கிறுக்காக்கிட்டான்," என்றான் இருளாண்டி.

மாரிச்செல்வி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடைவேளையில் அம்மா பஞ்சம்மாளின் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம்..."

"பாப்கார்ன் ஆறிப்போகுது, தின்னு."

மறுநாள் கருப்பர் கோயிலில் கிடாவெட்டு. கல்யாணத்துக்கு முன்னால் குலசாமிக்குச் செய்துவிட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம். சிலுப்பாமல் அருவாளைத் தூக்கக் கூடாது.

பூசாரி ஊற்றினார். ஆடு சிலுப்பவில்லை.

இன்னொரு சொம்பு. இல்லை. ஒரு குடம் முக்கால்வாசி காலியாச்சு. ஆடு கல்லு மாதிரி நின்றது. அடுப்பில் உலை கொதித்து வற்றி, மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள்.

"வெட்டித் தள்ளுங்க மாமா, பசிக்குது. ஆட்டுக்கு என்ன தெரியும்?" என்றான் பாண்டீஸ்வரன்.

இருளாண்டிக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க மாப்ளே. வாயில்லாச் சீவன். அது மனசு ஒப்பாம வெட்டுனா அந்தப் பாவம் என் வம்சத்தையே சும்மா விடாது."

சுடுமணலில் ஆட்டுக்கு முன்னால் முட்டி போட்டான். கை ரெண்டையும் கூப்பினான்.

"சாமி, எம்மேல என்ன கோவம்? என்ன குறை வச்சேன்? சொல்லு சாமி. பொழுது சாஞ்சாலும் சரி, நீ சொல்ற வரைக்கும் இங்கனயேதான் இருப்பேன்."

ரெண்டு மணி நேரம். அறுபது பேர். ஒரு ஆடு என்ன சொல்லப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

எனக்கோ குடல் காய்கிறது. தடவிக் கொடுக்கிற மாதிரி ஆட்டுக்குப் பக்கத்தில் போனேன். உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்த தண்ணீரை அதன் காதுக்குள் விட்டேன். எந்த ஆடுதான் சிலுப்பாது?

"உத்தரவு கெடச்சிருச்சு!" என்று பூசாரி கத்தினார்.

பெண்கள் குலவை போட்டார்கள். இருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அருவாள் இறங்கியது.

குலவை அடங்குவதற்குள் மாரிச்செல்வி முன்னால் வந்தாள். குடத்தின் அடியில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் சாய்த்து, அப்பன் கையில் கொடுத்தாள்.

"அய்யா, எம்மேலயும் ஒரு சொம்பு ஊத்துங்க."

இருளாண்டி சொம்பைக் கீழே வைக்கப் போனான்.

"ஊத்துங்கய்யா. நான் சிலுப்புறேனான்னு பாருங்க."

இருளாண்டி ஊற்றவில்லை. அவளே சொம்பைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் நெற்றியில் வழிந்து, கழுத்தில் இறங்கி, காலடியில் கிடந்த ரத்தத்தோடு கலந்து ஓடியது. அவள் அசையவே இல்லை. இமைகூட ஆடவில்லை.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்கிறீர்களா? ஒரு நிமிஷம்கூட அவளை நிற்க விடவில்லை.

"ஏ பஞ்சம்மா, புள்ளைக்குத் தலையத் துவட்டி விடு," என்றான் இருளாண்டி. "சளி புடிச்சிச்சுன்னா நாளன்னைக்கு மணவறையில உக்காந்து தும்மப் போறா."

இலை போட்டார்கள். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கல்யாணமும் சொன்ன தேதியில் நடந்தது.

இதை நீங்க யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்க. சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுராதீங்க. பாண்டீஸ்வரனைக் கையைப் பிடித்து அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், 'இவன்தான் உன் மகளுக்கு ஏத்த மாப்பிள்ளை' என்று இருளாண்டியிடம் காட்டியவனே நான்தான்.