மஞ்சள் வளையம்

கடற்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்குவதற்கான திட்டம் கூடத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எண்பதைத் தாண்டிய மாமனாரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிப்போய் அலையில் கால் நனைய வைப்பது, தவழும் பேரனை முதல்முறையாகக் கடலில் இறக்குவது என்று எல்லாருக்கும் தண்ணீரில் ஓர் இடம் ஒதுக்கியாயிற்று. "செருப்பு, பை, போனெல்லாம் கோமளா கரையில உக்காந்து பாத்துக்குவா. அவளுக்குத் தண்ணின்னாலே பயம்," என்றார் கணவர் தணிகாசலம். கல்யாணமான நாளிலிருந்து அதை அவர்தான் சொல்லிவருகிறார். அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கோமளவல்லி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது புடவைக்கு மேல், இடுப்பைச் சுற்றி, காற்றடைத்த நீச்சல் வளையம் ஒன்று மஞ்சளாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அந்த வளையத்தோடு அவளால் தன் நாற்காலியின் இரண்டு கைகளுக்கு நடுவே உட்கார முடியவில்லை. அவள் அதைக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்றாள். மகன் போனைக் கீழே வைத்தான். மருமகள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப எங்க செருப்பையெல்லாம் யாரு பாத்துக்கறது?" என்றார் தணிகாசலம். "போட்டுக்கிட்டே குளிங்க," என்றாள் கோமளவல்லி. பிறகு குனிந்து வளையத்தின் மூடியைத் திறந்து, எல்லாரும் பார்த்திருக்க, இன்னும் ஒரு மூச்சு ஊதி, கட்டைவிரலால் அழுத்தி மூடினாள்.