பதில் சொல்லாத தளம்

டெஸ்மண்ட் இறந்து ஐந்து மாதமாகியும் அவன் கொட்டகையில் கம்ப்யூட்டர் ஓயவில்லை. ஹோபார்ட்டில் எங்கள் தெருவுக்கே அந்த ஒரு இரைச்சல்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் எப்படித் தூங்குவதாம்?

"அதை அணைச்சா என்ன, க்ளெனிஸ்?" என்று அவன் மனைவியிடம் கேட்டேன்.

"ஐயோ, கைய வச்சிராதடி! ஆன்லைன் கடை கட்டிக் குடுக்கிறவங்க எல்லாம் சேர்ந்து, தங்க வேலைக்கு உதவுற வெப்சைட் தளங்களப் பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. அதுல இருக்கிற இவரோட தளம் இந்தப் பெட்டியிலதான் ஓடுது. ஏழு நாள் பதில் வரலைன்னா பேரைத் தூக்கிருவாங்க."

"செத்தவனுக்கு எதுக்குடி பட்டியல்?"

"அங்கயாவது உயிரோட இருக்கட்டுமே."

அவள் பத்து நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். போன அன்றே, மின்சாரமாவது மிச்சமாகட்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். திரும்பி வந்தவள் போனில் பட்டியலைத் திறந்து அலறினாள்.

"எவன்டி அவரைத் தூக்கினது? பேரைப் படி, நாலு கேள்வி கேக்கிறேன்!"

கண்ணாடியை மாட்டிப் படித்தேன். 'பதில் இல்லை. இறந்த தளம். நீக்கியவர்: டெஸ்மண்ட்.'

க்ளெனிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "செத்த தளத்தைத் தானா தூக்குற புரோகிராம அவர்தான் அவங்களுக்கு எழுதிக் குடுத்தாரு. அது இன்னும் அவர் பேர்லயே ஓடுது."

குற்ற உணர்ச்சியோடு பிளக்கை மாட்டப் போனேன்.

"வேணாம்டி," என்றாள். "அவரே போறேன்னுட்டாரு."