விளக்கம்மா திடல்

சிலையின் இடுப்பில் சங்கிலியைச் சுற்றினார்கள்.

அவள் குடையை மடக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

தூறல். கடலிலிருந்து வந்த மூட்டம் திடல் முழுக்க இறங்கியிருந்தது. எதிர்ச்சாரிக் கடைகள் தெரியவில்லை. பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் திடலைச் சுற்றி நீந்தின.

மேம்பாலம் வருகிறது. கையில் விளக்கேந்திய பெண் இனி அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருப்பாள்.

ஊர் அந்தச் சிலையை விளக்கம்மா என்றது. திடலுக்கும் அதே பெயர்தான்.

ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பார்கள். கடல் விலகி உப்பளமாயிற்று. உப்பளம் தூர்ந்து வெறும் மண்ணாயிற்று. யாரோ ஒரு ராஜா, கப்பலில் வந்திறங்கிய குதிரைகளை அங்கேதான் நடக்கவிட்டுப் பார்த்தாராம். வெள்ளைக்காரன் தூக்குமரம் நட்டான். பிறகு அதையும் பிடுங்கிவிட்டுப் புல் வளர்த்து, கல்பீடம் கட்டி, அதன்மேல் ஒரு கவர்னரை நிறுத்தினான்.

சுதந்திரம் வந்த அன்று கவர்னரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு பிடித்தவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு மீசை முளைத்திருக்கவில்லை.

அதன்பிறகு வெகுகாலம் பீடம் சும்மா கிடந்தது. ஆடுகள் ஏறிப் படுத்தன. தேர்தல் வந்தால் தலைவர்கள் ஏறிப் பேசினார்கள்.

அங்கே விளக்கேந்திய பெண் ஒருத்தியை வைப்பதென்று நகராட்சி முடிவு செய்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது.

சிற்பி இளைஞன். மாதாகோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்தான். அவனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அவளைத் தெருவில் எங்கோ பார்த்திருக்கிறான். நேரே வந்து அப்பாவிடம் கேட்டான்.

"யார் முகம்னு வெளிய தெரியக் கூடாது தம்பி. கல்யாணம் ஆகவேண்டிய பிள்ள," என்றார் அப்பா.

அவன் தலையாட்டினான்.

அந்த மழைக்காலத்துக் காலைகளில் அவள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் பாதி முடிந்த தேவதூதர் சிலைகள், சம்மனசுகள். சிலவற்றுக்குத் தலையில்லை. சிலவற்றின் சிறகு இன்னும் காயவில்லை.

அவன் பேசமாட்டான். களிமண்ணைப் பார்ப்பான். அவளைப் பார்ப்பான். மறுபடியும் களிமண்.

அதுவரை யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

கடைசி நாள் கையைக் கழுவிக்கொண்டு, "போதும்," என்றான். அவ்வளவுதான்.

தன்னிடம் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு முகம் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் கல்யாணமாயிற்று. தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். தினமும் திடலைக் கடந்துதான் போனாள். நிமிர்ந்து பார்த்தால் தாடை தெரியும். விளக்கின் அடிப்பாகம் தெரியும். முகம் எங்கோ வானத்தில் இருந்தது.

பீடத்தடியில் என்னென்னவோ நடந்தன. ஆலைத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு கலவரத்தில் கல் பட்டு விளக்கின் சுடர் உடைந்தது. அப்புறமும் அது விளக்கம்மாதான். வெள்ளிக்கிழமைகளில் யாரோ அதன் காலில் குங்குமம் வைத்தார்கள். ஒருமுறை அவளுடைய கணவரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவரிடமும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

சிற்பி எங்கோ வடக்கே போனதாகச் சொன்னார்கள். அங்கேயே தனியாக இருந்து இறந்துபோனதாகவும் சொன்னார்கள்.

சங்கிலி இறுகியது.

விளக்கம்மா பீடத்தை விட்டு எழும்பினாள். காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல், மூட்டத்துக்குள், மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். குதிரைகளுக்கு மேலே. பழைய கடலுக்கு மேலே.



லாரியில் வைக்கோல் பரப்பியிருந்தது. அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

"தள்ளி நில்லுங்கம்மா," என்றார் கிரேன்காரர்.

"ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேனே."

"பாருங்க. இனிமே யாரு பாக்கப்போறா."

முகம் அவளுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. பத்தொன்பது வயது. கன்னத்தில் காக்கை எச்சம். முந்தானையால் துடைத்தாள்.

கூந்தலை இழை இழையாகச் செய்திருந்தான். கீழே நிற்கிற யாருக்கும் தெரியாத இடத்திலும்.

இடது காதுக்குப் பின்னால் அவள் விரல் நின்றது.

ஒரு தழும்பு.

சிமெண்டில் விழுந்த வெடிப்பு என்று நினைத்தாள். இல்லை. ஓரமெல்லாம் வழவழவென்றிருந்தது. அவ்வளவு பொறுமையாக இழைத்திருந்தான்.

சின்ன வயதில் ஊருக்கு வெளியே உப்பளத்தில் விழுந்து அவளுக்குப் பட்ட காயம் அது. பின்னலை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு எப்போதும் மறைத்துக்கொள்வாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. கணவருக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எந்தக் காலையில் பார்த்தான்?

அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவளுடைய மறு கை தானாகத் தன் காதுக்குப் பின்னால் போயிற்று.

கிரேன்காரர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். யாரும்மா செஞ்சது? பேரு ஒண்ணையும் காணோம்."

பீடத்தில் நகராட்சித் தலைவரின் பெயர் மட்டும் இருந்தது.

"சந்தியாகு," என்றாள்.

அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மூச்சாகத்தான் வந்தது.

மழை வலுத்துவிட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"யாரு?"

பேருந்துக்கு நின்றவர்கள் குடைகளோடு பீடத்தைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். பூக்காரிகள், போலீஸ்காரர்கள், தெரிந்த முகங்கள் இரண்டொன்று.

அவள் திடலுக்கே கேட்கும்படி சொன்னாள்.